எடையில்லாத இடத்துக்கு ஓர் இரும்புச் சக்கரம்

சேலத்தில் நான் வழக்கமாக வேலை கொடுக்கும் லேத் பட்டறையில், சென்ற மாதம் ஒரு மாலை, தடித்த இரும்புத் தகட்டிலிருந்து கடைந்தெடுத்த ஒரு சக்கரத்தை ஷாஃப்ட்டில் ஏற்றி, இரு பக்கமும் பேரிங் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தோம். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் கற்பிக்கும் நான் அதுவரை அங்கே கொண்டுசென்றவை பெரும்பாலும் மாணவர்களின் செயல்திட்டத்துக்கான கியர்களும் புஷ்களும்தான். அதனால் இந்தச் சக்கரம் எதற்கு என்று பட்டறைக்காரர் விசாரித்தார். விண்வெளி வீரர்கள் உடற்பயிற்சி செய்யும் ஒரு கருவியின் எளிய மாதிரி என்றேன். அவர் சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அது நிற்காமல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, "எடையே இல்லாத எடத்துல இத்தனை கனமான இரும்பு எதுக்குங்க சார்?" என்று கேட்டார்.

நின்ற இடத்தில் இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வியல்ல அது. விண்வெளி உடற்பயிற்சிக் கருவிகளை வடிவமைக்கும் துறையின் ஐம்பது ஆண்டு உழைப்பும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது என்பதால், அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

சர்வதேச விண்வெளி நிலையம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே புவியீர்ப்பு இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் தரையில் இருக்கும் ஈர்ப்பில் ஏறக்குறைய ஒன்பதில் எட்டுப் பங்கு அங்கேயும் இருக்கிறது. நிலையமும் அதனுள் இருக்கும் மனிதரும் பூமியைச் சுற்றியபடி ஒன்றாகவே விழுந்துகொண்டிருப்பதால், கால் தரையை அழுத்துவதில்லை, தரை காலைத் தாங்குவதும் இல்லை. பள்ளியில் நாம் எடை என்றும் நிறை என்றும் பிரித்துப் படித்த இரண்டில், எடை அங்கே மறைந்துவிடுகிறது. நிறை அப்படியே இருக்கிறது. நம் ஊர்த் தேகப்பயிற்சிச் சாலைகளில் கற்றுத்தரும், உட்கார்ந்து எழும் பஸ்கியை அங்கே ஆயிரம் முறை எடுத்தாலும் தொடைக்கு எந்தப் பாரமும் ஏறாது. ஆனால் கர்லா கட்டையைச் சுழற்றினால், அதை வேகப்படுத்தவும் நிறுத்தவும் தோளும் முன்கையும் பாடுபட்டே ஆகவேண்டும், ஏனென்றால் கட்டையின் நிறை எங்கும் போய்விடவில்லை. பட்டறைக்காரரின் கேள்விக்கான விடையின் பாதி இதில் இருக்கிறது.

மறுபாதியை நான் என் அம்மாவின் காலிலிருந்து கற்றேன். ஏற்காட்டுக்கு மேலே நாகலூர்ப் பக்கத்தில் பிறந்த அவர், இளம் வயதில் காப்பித் தோட்டங்களில் பழம் பறித்து, மூட்டையைத் தலையில் வைத்துச் சரிவில் ஏறி இறங்கியவர். அறுபத்தெட்டு வயதிலும் அவருடைய கெண்டைக்கால் என்னுடையதை விட உறுதியாக இருந்தது. சென்ற ஆண்டு வீட்டு வாசலில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாரக்கணக்கில் கட்டிலில் கிடந்தார். பிசியோதெரபிஸ்ட் முதன்முறை வீட்டுக்கு வந்தபோது இஞ்ச் டேப்பால் இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்தார். முறிந்த கால் மெலிந்திருந்ததில் வியப்பில்லை. முறியாத காலும் மெலிந்திருந்தது என்பதுதான் என்னை உலுக்கியது. அந்தக் காலுக்கு எந்தக் காயமும் இல்லை, வேலை மட்டுமே இல்லாமல் போயிருந்தது. மலைச்சரிவு நாற்பது ஆண்டுகளில் கட்டியதைக் கட்டில் சில வாரங்களில் கரைத்துவிட்டது.

கட்டிலுக்கும் விண்வெளிக்கும் உள்ள உறவு என் கற்பனை அன்று. விண்வெளியில் உடலுக்கு நேர்வதைத் தரையில் ஆராய்வதற்காக, நலமான தன்னார்வலர்களை, தலைப்பக்கம் ஆறு பாகை தாழ்ந்த கட்டிலில், உண்பதற்கோ குளிப்பதற்கோகூட எழவிடாமல் வாரக்கணக்கில் படுக்க வைக்கிறார்கள். ஜெர்மனியின் கொலோன் நகரில் உள்ள விண்வெளி மருத்துவ ஆய்வுக்கூடத்தில் இப்படி அறுபது நாள் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. எலும்பு பார்ப்பதற்குக் கல்லைப் போல இருந்தாலும், அதனுள் ஒரு வகைச் செல்கள் பழையதைக் கரைத்துக்கொண்டும் இன்னொரு வகைச் செல்கள் புதியதைக் கட்டிக்கொண்டும் இருக்கின்றன. பாரம் விழும் திசையிலேயே எலும்பு தன்னை உறுதியாக்கிக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதினார். பாரம் நின்றுவிட்டால் கரைப்பது தொடர்கிறது, கட்டுவது அதற்கு ஈடுகொடுப்பதில்லை. பயிற்சி போதாத விண்வெளி வீரருக்கு இடுப்பிலும் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலும் மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை எலும்பு அடர்த்தி குறைகிறது. தரையில் வயதான ஒருவருக்கு ஓராண்டில் குறைவதற்கு இது ஏறக்குறைய நிகர். கரைந்த சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் இறங்கி, சிறுநீரகக் கல் உண்டாகும் ஆபத்தையும் கூட்டுகிறது.

இதை மனிதர்கள் முதலில் கசப்பான அனுபவமாகவே அறிந்தார்கள். 1970-இல் சோயுஸ் 9 கலத்தில் இரண்டு சோவியத் வீரர்கள் ஏறக்குறைய பதினெட்டு நாள் பறந்து திரும்பியபோது, எழுந்து நிற்கவே திணறினார்கள். அதன் பிறகுதான் பயிற்சி என்பது பயணத் திட்டத்தின் கட்டாயப் பகுதியாக மாறியது. 1973-இல் அமெரிக்காவின் ஸ்கைலாப் நிலையத்தில் முதல் குழுவினருக்கு மிதிவண்டி போன்ற ஒரு கருவி மட்டுமே இருந்தது. இதயத்துக்கு அது உதவியது, காலின் வலுவைக் காக்க அது போதவில்லை. மருத்துவரும் விண்வெளி வீரருமான வில்லியம் தார்ன்டன் மூன்றாவது குழுவுக்காக ஓர் எளிய வழி கண்டார். டெஃப்லான் பூசிய வழுக்கும் தகடு ஒன்றைத் தரையில் பொருத்தி, ரப்பர் நாண்களால் உடலைத் தகட்டை நோக்கி இழுத்துக் கட்டி, காலுறையோடு அதன் மேல் வழுக்கி வழுக்கி நடக்க வைத்தார். மோட்டாரும் இல்லை, சுழலும் பட்டையும் இல்லை. 84 நாள் தங்கிய அந்தக் குழுவினரின் கால்கள், 28 நாள் மட்டுமே தங்கிய முதல் குழுவினரின் கால்களை விட நல்ல நிலையில் திரும்பின. பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தகட்டைப் பற்றி நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன். ஒரு கருவியின் சிறப்பை அதில் இருக்கும் பாகங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கக் கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று அது.

இப்போதைய நிலையத்தில் வீரர்கள் நாள்தோறும் ஏறக்குறைய இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் பயிற்சிக்காக ஒதுக்குகிறார்கள். அங்கே உள்ள கருவிகளில் மிதிவண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மிதக்கும் மனிதருக்கு உட்கார இருக்கை தேவையில்லை, காலணி பெடலில் பூட்டப்படுகிறது என்பதைத் தவிர மற்றது நாம் அறிந்ததே. டிரெட்மில்லில் சிக்கல் அதிகம். ஓடுபவரைக் கீழே இழுத்துப் பிடிக்கத் தோளிலும் இடுப்பிலும் ஒரு சேணம் மாட்டப்படுகிறது. தரையில் உடல் முழுவதும் பரவியிருக்கும் எடை, அங்கே அந்தப் பட்டைகளின் வழியாக மட்டுமே ஏறுவதால் தோள் கன்றிப்போகிறது, இடுப்பு உராய்ந்து புண்ணாகிறது. வலி பொறுக்காமல் இழுவிசையைக் குறைத்துக்கொண்டால் எலும்புக்குக் கிடைக்கும் பயனும் அந்த அளவுக்குக் குறைகிறது. 2007 ஏப்ரல் 16 அன்று பாஸ்டன் மாரத்தான் தரையில் நடந்தபோது, சுனிதா வில்லியம்ஸ் நிலையத்தில் இப்படிச் சேணம் பூட்டிக்கொண்டே 42 கிலோமீட்டரையும் 4 மணி 24 நிமிடத்தில் ஓடி முடித்தார். எல்லோரும் அந்த நேரத்தைப் பேசினார்கள். அந்தப் பட்டைகள் நாலரை மணி நேரம் அவர் தோளில் கிடந்ததை நினைத்தால் எனக்கு அவர் மேல் மதிப்பு இன்னும் கூடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த கருவி 2008 நவம்பரில் எண்டெவர் விண்கலத்தில் சென்ற 'ஏரெட்' என்னும் எடைப்பயிற்சிக் கருவி. அதற்கு முன்பு இருந்த கருவியில் ரப்பர் ஆரங்கள் கொண்ட வட்டுகள் இழுவிசையைத் தந்தன. ரப்பரின் இயல்பு நமக்குத் தெரியும்: இழுக்க இழுக்கத்தான் அது கெட்டிப்படும், தொடக்கத்தில் தளர்ந்தே இருக்கும். தரையில் ஓர் எடைக்கட்டையைத் தூக்கும்போது முழங்கால் உயரத்திலும் மார்பு உயரத்திலும் அதன் பாரம் ஒன்றே. அந்தச் சமமான பாரத்தை எடையில்லாத இடத்தில் எங்கிருந்து கொண்டுவருவது? ஏரெட்டை வடிவமைத்தவர்கள் காற்றிலிருந்து கொண்டுவந்தார்கள். நிலையத்தினுள் கடல்மட்டத்தில் இருப்பதைப் போன்ற காற்றழுத்தம் இருக்கிறது. அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்கு நிகரான அழுத்தம். உட்புறம் வெற்றிடமாக்கப்பட்ட சிலிண்டரிலிருந்து பிஸ்டனை வெளியே இழுத்தால், அறையின் காற்று அதைத் திரும்ப உள்ளே தள்ளுகிறது. பிஸ்டன் எவ்வளவு தூரம் வந்தாலும் அந்தத் தள்ளுவிசை மாறுவதில்லை. இப்படிப்பட்ட இரண்டு சிலிண்டர்களோடு, நெம்புகோலின் கை நீளத்தை மாற்றிப் பாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி செய்து, உண்மையான இரும்பைத் தூக்கும்போது உணரும் தயக்கத்தைத் தருவதற்குச் சிறிய சுழல் சக்கரங்களையும் சேர்த்தார்கள். அதிகபட்சப் பாரம் 272 கிலோ. மலைப்பாகத் தோன்றினாலும் இது மிகை அன்று. தரையில் தோளில் கட்டையோடு பஸ்கி எடுப்பவர் தன் உடலின் எடையையும் சேர்த்தே தூக்குகிறார். அங்கே உடலுக்கு எடை இல்லாததால் அந்தக் கணக்கையும் கருவியே ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. பழைய ரப்பர் கருவியால் தடுக்க முடியாத எலும்புத் தேய்மானத்தை, ஏரெட்டும் நல்ல உணவும் வைட்டமின் டியும் சேர்ந்து பெருமளவு கட்டுப்படுத்தின. முழுமையாக அல்ல, நீண்ட பயணம் முடித்த சிலருக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள கீழ்க்கால் எலும்பு, திரும்பி ஓராண்டு ஆகியும் பழைய உறுதியை எட்டவில்லை.

விசையை உண்டாக்குவது பாதி வேலைதான். அந்த விசை எங்கே போகிறது என்பதே வடிவமைப்பாளரைத் தூங்கவிடாத பாதி. தரையில் நாம் குதித்தால் பூமி வாங்கிக்கொள்கிறது, அது அசைவதை யாரும் உணர்வதில்லை. நிலையத்தில் ஒருவர் சீராக ஓடினால், அந்த அடிகளின் அதிர்வு சுவர் வழியே பரவி, அசைவே கூடாத படிக ஆய்வுகளைக் கலைக்கும். நீண்ட சூரியத் தகடுகளின் இயல்பான அதிர்வோடு அந்தத் தாளம் பொருந்திவிட்டால் கட்டமைப்புக்கே கேடு. எனவே ஒவ்வொரு கருவியும் நிலையத்தோடு நேராகப் பிணைக்கப்படாமல், அதிர்வை உள்வாங்கும் சுருள்களும் தணிப்பான்களும் கொண்ட தாங்கிகளில் ஏறக்குறைய மிதந்தபடி நிற்கிறது. எடை தூக்குபவரோடு கருவியும் மெல்ல அசைகிறது. அந்தத் தாங்கிகளும் கணிசமான இடத்தைப் பிடிக்கின்றன. வியர்வைகூட அங்கே ஒரு பொறியியல் சிக்கல்: அது வழிந்து விழாமல் தோலின் மேல் தடித்த நீர்ப்படலமாக ஒட்டிக்கொள்கிறது, துண்டால் ஒற்றி எடுக்கவேண்டும், காற்றில் கலந்த ஈரம் சேகரிக்கப்பட்டுக் குடிநீராகத் திரும்புகிறது.

நிலவுக்கும் செவ்வாய்க்கும் போகும்போது இந்தக் கணக்குகள் எல்லாம் மாறுகின்றன. நிலவுப் பயணத்துக்கான நாசாவின் ஓரியன் கலத்தில் மனிதர் புழங்கும் இடம் ஏறக்குறைய 9 கன மீட்டர். நான்கு பேருக்கு அதுதான் வீடு. ஏரெட்டை அங்கே நினைத்தும் பார்க்க முடியாது. பயிற்சி செய்பவர் வெளிவிடும் வெப்பத்தையும் கரியமில வாயுவையும் ஈரத்தையும் அந்தச் சிறு கூட்டின் காற்றுச் சுத்திகரிப்பு தாங்க வேண்டும் என்பதால், ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயிற்சி செய்யலாம் என்பதற்கும் எல்லை உண்டு. ஓரியனுக்காகச் செய்யப்பட்ட கருவியின் எடை சுமார் 14 கிலோ. அளவு ஒரு பெரிய காலணிப் பெட்டி. அதனுள் இருப்பது ஒரு சுழல் சக்கரம்.

இந்தக் கருத்தை 1990-களில் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஹான்ஸ் பெர்கும் பெர் டெஷ்ஷும் வளர்த்தெடுத்தார்கள். ஒரு பட்டை சக்கரத்தின் அச்சில் சுற்றப்பட்டிருக்கிறது. பட்டையை இழுத்தால் சக்கரம் சுழலத் தொடங்குகிறது. பட்டை முழுவதும் அவிழ்ந்த பிறகும் சக்கரம் நிற்காமல் ஓடுவதால், பட்டை எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு இழுத்தவரைத் தன் பக்கம் இழுக்கிறது. சிறுவர்கள் விளையாடும் யோயோவின் தத்துவமே இது. எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு பாரம் திரும்பி வருகிறது. ஓரியனின் கருவி இப்படி 180 கிலோ வரை தரக்கூடியது. தசை சுருங்கும்போது செய்யும் வேலையை விட, நீண்டுகொண்டே பாரத்தைத் தடுத்து நிறுத்தும்போது செய்யும் வேலைதான் அதன் வலுவைக் காப்பதில் முக்கியமானது என்பதால், சக்கரம் திரும்ப இழுக்கும் அந்தக் கணமே இந்தக் கருவியின் உயிர். இதில் ஈர்ப்பு எங்கும் வரவில்லை. பட்டறைக்காரர் கேட்ட இரும்பின் கனம் அங்கே எடையாக இல்லை, சுழல மறுக்கும் பிடிவாதமாக இருக்கிறது. அந்தப் பிடிவாதம், சக்கரத்தின் நிறை அதன் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதன் இருமடியைப் பொறுத்தது. தூரம் இரு மடங்கானால் அது நான்கு மடங்காகிறது. கிணற்றடி ஆயில் இஞ்சின்களில் பிளைவீலின் விளிம்பை மட்டும் தடிப்பாக வார்த்திருந்ததன் காரணமும் அதுவே. இதைச் சொன்னதும் பட்டறைக்காரர் என் வரைபடத்தை வாங்கி, சக்கரத்தின் நடுப்பகுதியைக் குடைந்தெடுத்துவிட்டு, அந்த எடையை விளிம்பில் ஒரு வளையமாகப் போடலாமே என்றார். மாணவர்களிடமிருந்து அந்த விடையைப் பெற எனக்கு அரைப் பருவம் ஆகிறது.

பழைய காரின் சீட் பெல்ட் பட்டையை அச்சில் சுற்றி, கருவியை ஒரு மரப்பெட்டியில் பூட்டி, முதல் சோதனையாக நானே எதிரில் உட்கார்ந்து இழுத்தேன். முதல் இழுப்பில் சக்கரம் சுழன்றது. இரண்டாவது இழுப்பில் பெட்டி முழுவதும் சிமெண்டுத் தரையில் வழுக்கி என் முழங்காலில் வந்து இடித்தது. விண்வெளிப் பொறியாளர்களின் கவலை என்னவென்று அன்று என் முழங்காலுக்கும் புரிந்தது. கருவியையும் இருக்கையையும் காலை ஊன்றும் தகட்டையும் ஒரே இரும்புச் சட்டத்தில் பற்றவைத்த பிறகு, கை இழுக்கும் விசையும் கால் தள்ளும் விசையும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒன்றையொன்று சமன் செய்துகொண்டன, பெட்டி நகர்வது நின்றது. ஆனாலும் உடல் முன்னும் பின்னும் போகும்போது சட்டம் மெல்ல நடுங்கத்தான் செய்கிறது. தரையில் அதைத் தரை வாங்கிக்கொள்கிறது. 9 கன மீட்டர் கூட்டில் அதை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை.

செவ்வாய்ப் பயணம் போகவும் தங்கவும் திரும்பவுமாக இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் ஆகும். நிலையத்திலிருந்து கஜகஸ்தான் புல்வெளியில் இறங்கும் வீரர்களைக் கலத்திலிருந்து தூக்கி நாற்காலியில் அமர்த்த ஒரு குழு காத்திருக்கிறது. 437 நாள் தொடர்ந்து பறந்து 1995-இல் திரும்பிய வலேரி பொல்யாகோவ், அந்த உதவியை மறுத்துத் தானே சில அடிகள் நடந்து சென்றார்; மருத்துவரான அவர், மனிதர் செவ்வாய்க்குப் போய் இறங்கி நடக்க முடியும் என்று காட்டவே அப்படிச் செய்தார். செவ்வாயில் இறங்குபவரைத் தூக்க யாரும் இருக்கமாட்டார்கள். அங்கே ஈர்ப்பு பூமியில் இருப்பதில் 38 விழுக்காடு என்றாலும், கனத்த உடை அணிந்து தானே ஏணியில் இறங்கி, தானே வேலை செய்ய வேண்டும். எனவே உடற்பயிற்சிக் கருவியை மீதமிருக்கும் மூலையில் கடைசியாகத் திணிக்கும் பொருளாக நினைப்பதை நான் ஏற்கவில்லை. எஞ்சினுக்கும் பிராணவாயுத் தொட்டிக்கும் இடம் ஒதுக்கும் முதல் வரைபடத்திலேயே அதற்கும் இடம் ஒதுக்கவேண்டும்.

நம் நாட்டுக்கும் இந்தக் கேள்வி நெருங்கி வந்துவிட்டது. 1984-இல் ராகேஷ் சர்மா சல்யூட் 7 நிலையத்தில் யோகாசனங்கள் செய்து பார்த்தார். 2025-இல் சுபான்ஷு சுக்லா நிலையத்தில் தங்கிய பதினெட்டு நாளில் செய்த இந்திய ஆய்வுகளில் ஒன்று, தசை தன்னைப் புதுப்பித்துக்கொள்வதை எடையின்மை எப்படித் தடுக்கிறது என்பதைப் பற்றியது. ககன்யானின் சில நாள் பயணத்துக்குப் பெரிய கருவிகள் தேவைப்படாது. 2035-க்குள் அமைக்கத் திட்டமிட்டிருக்கும் இந்திய நிலையத்துக்குத் தேவைப்படும். பேரிங், பட்டை, கடைந்த இரும்பு, அதிர்வைத் தாங்கும் சுருள் ஆகியவற்றை நன்கு அறிந்த கைகள் சேலத்தின் பட்டறைகளில் இருக்கின்றன. அவர்களிடம் இந்தச் சிக்கலை யாராவது தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதே என் ஆசை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று, விசையைக் குறைத்து வைக்கச் சொல்லி, அம்மாவை உட்கார வைத்து, முறியாத காலை மட்டும் தகட்டில் ஊன்றி மெதுவாக இழுக்கச் சொன்னார். பட்டை அவிழ்ந்து முடிந்து சக்கரம் திரும்ப இழுத்தபோது அம்மா சட்டென்று பிடியை இறுக்கி, "கெணத்துல தண்ணி சேந்துறப்ப கயிறு கையை விட்டு ஓடுமே, அப்படி இழுக்குதுடா" என்றார். ஆறு முறை இழுத்தார். மறுநாள் தொடை வலிக்கிறதா என்று கேட்டேன், வலிக்கிறது என்றார். பிசியோதெரபிஸ்ட் அதைக் குறித்துக்கொண்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று கணக்கு வைத்திருக்கிறார். விளிம்பில் ஏற்றவேண்டிய இரண்டாவது வளையத்தைப் பட்டறைக்காரர் கடைந்துகொண்டிருக்கிறார். அது வந்ததும் நான் ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும்.